டார்ச் பிடித்தவள்

மேஜைக்கடியில் தலையை விட்டு மானிட்டர் ஒயரைப் பிடுங்குவதும் செருகுவதுமாக இருந்தான் மகன். கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். மாலையில் அமரர் ஊர்தி வந்துவிடும்; அதற்குள் ஒரு போட்டோவைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டாக வேண்டும். வெளியூரிலிருந்து அவன் கொண்டுவந்திருந்த போனில் அப்பா எல்லாப் படத்திலும் அரைகுறையாகத்தான் இருந்தார்: ஒன்றில் தோள், ஒன்றில் முழங்கை. முழு அப்பா இந்தக் கம்ப்யூட்டருக்குள் இருந்தார். பெட்டி என்னவோ உறுமிக்கொண்டுதான் இருந்தது. திரை மட்டும் கன்னங்கரேல்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணு மாப்ள," என்றார் தாய்மாமன். எந்த வியாதிக்கும் அவரிடம் அந்த ஒரே மருந்துதான்.

"எத்தன தடவ மாமா பண்றது?"

"அப்ப டிவில மாட்டு."

"அந்த ஒயர் இதுல சேராது."

"அன்னைக்கே சொன்னோம்ல, இது குப்பைன்னு!"

அறை வாசற்படியில் நின்றிருந்த அம்மாவுக்குச் சுருக்கென்றது. அந்த வார்த்தையை முதலில் சொன்னவள் அவள்தான்.

தெருவே அறிந்த கதை இது. ரிட்டையரான டைப்பிஸ்ட் அவள் புருஷன். தெருவில் பெயர் 'புகார்'. தெருவிளக்கு எரியாவிட்டால் மனு, பகலிலும் எரிந்தால் மனு. எதிர்வீட்டு டீச்சரின் தண்ணீர்த் தொட்டி வழிந்ததற்கு மட்டுமே ஒரு கட்டு மனு. அதையெல்லாம் அடிக்கத்தான் இந்தப் பழைய கம்ப்யூட்டரை வாங்கி, மானிட்டரைக் குழந்தையைப்போல் மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். "காசு குடுத்துக் குப்பைய வாங்கிட்டு வந்திருக்கார் பாரு," என்று தம்பியிடம் சொல்லிவிட்டாள். தம்பி வேறு சிரித்துத் தொலைத்தார். அன்றோடு புகார் வாயை மூடிக்கொண்டார். அவர் மூடினால் இவள் மட்டும் திறப்பாளா?

அடுத்த வாரமே மானிட்டரும் இவள் கட்சியில் சேர்ந்து, உள்விளக்கை அணைத்துக்கொண்டது. ரிப்பேருக்குக் கொடுத்தால் தோற்றதாகிவிடும். டார்ச்சைச் சாய்த்து அடித்தால் எழுத்து மங்கலாகத் தெரிகிறது என்று கண்டுபிடித்தார் மனிதர். ஆனால் டைப் அடிக்க இரண்டு கையும் வேண்டுமே. தாடைக்கும் தோளுக்கும் நடுவில் டார்ச்சை இடுக்கிக்கொண்டு அவர் பட்ட பாட்டை ஒரு நாள் பார்த்தவள், வெடுக்கென்று பிடுங்கித் தானே பிடித்தாள். அதிலிருந்து தினமும் சாயங்காலம் அவர் அடிக்க, இவள் பிடிக்க. ஒரு வார்த்தை கிடையாது. குடித்தனம் நடந்த லட்சணம் அது.

நேற்று மட்டும், பாதி மனுவில், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "கை வலிக்குதா?" என்று கேட்டார்.

பதில் அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. இத்தனை மாதத்து வீம்பை ஒரு கேள்விக்கு விட்டுக்கொடுப்பதா? கொஞ்சம் காயட்டும், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று சுவரைப் பார்த்தாள். காலையில் தொட்டு எழுப்பப் போனபோது உடம்பு சில்லிட்டிருந்தது.

அப்போதிலிருந்து அந்தப் பதிலை வைத்துக்கொண்டு அல்லாடுகிறாள். அவர் பக்கத்தில் ஒரு நிமிஷம் தனியாக உட்கார விட்டால்தானே? தலைமாட்டை டீச்சர் பிடித்துவிட்டாள். "ரெண்டு பேருக்கும் பேச்சே கிடையாதாம். கண்ல ஒரு பொட்டுத் தண்ணி இருக்கா பாருங்க," என்று அவள் குசுகுசுத்தது வாசல்வரை கேட்டது. கேட்க வேண்டும் என்றுதானே குசுகுசுப்பது.

டார்ச்சை எடுத்தால் நாலு பேர் நாலு கேள்வி கேட்பார்கள். அதற்காகப் போட்டோ இல்லாமல் அனுப்ப முடியுமா?

"தள்ளுடா," என்றாள் மகனிடம். இழுப்பறையிலிருந்து டார்ச்சை எடுத்துச் சாய்த்து அடித்தாள். வெளிச்ச வட்டத்துக்குள் மங்கலாக எழுத்துகள் எழுந்தன.

"அடேங்கப்பா! உனக்கு எப்படிக்கா தெரியும் இது?" என்றார் தம்பி.

அவள் வட்டத்தை மேலே நகர்த்தினாள்.

"கொஞ்சம் கீழம்மா... இன்னும்... ஆட்டாத."

படம் திறந்தது. வட்டத்துக்குள் அப்பா தவணை முறையில் வந்தார்: சட்டைப் பொத்தான், மூக்குக் கண்ணாடி, ஒரு முறைப்பு.

"யார் மேலயோ மனு போடப் போற மாதிரியே இருக்காரு," என்று சிரிக்கப் பார்த்தான் மகன். சிரிப்பு வராமல் மூக்கை உறிஞ்சிக்கொண்டான். படத்தைப் பென்டிரைவில் ஏற்றியதும், "ஸ்டுடியோ மூடறதுக்குள்ள வந்துடறேம்மா," என்று மாமாவையும் இழுத்துக்கொண்டு ஓடினான்.

அவள் கதவை ஒருக்களித்தாள். வட்டத்தை மெல்ல நகர்த்தினாள். தாடை. கன்னம். காது. அங்கே நிறுத்தினாள். கூடத்தில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். சத்தம் அடங்கும்வரை காத்திருந்து, நேற்றைய பதிலைச் சொல்ல வாயைத் திறந்தாள்.

திரை அணைந்துவிட்டது.

சும்மா விட்டால் அது தூங்கிவிடும். அவர்தான் மவுஸைத் தட்டி எழுப்புவார். அவள் அதைத் தொட்டதே இல்லை. வெந்நீரின் சூடு பார்ப்பவள்போல இடது கையின் ஒரு விரலால் அசைத்தாள். மங்கலாக மறுபடி வந்தார். வட்டம் சட்டைக்கு நழுவியிருந்தது. அதைக் காதுக்கு ஏற்றினாள். மறுபடி அணைந்தால் அசைக்கத் தோதாக, இடது கையை மவுஸின்மேலேயே வைத்துக்கொண்டாள். டார்ச் வெளிச்சம் காதைச் சுற்றியே ஆடிக்கொண்டிருந்தது.