காலையில் மட்டும் வரும் கோளாறு

வெங்கிட்டு சாமி ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு பஜார் ரோட்டுத் திருப்பத்தில் தலைகாட்டியதுமே, கையிலிருந்த ஸ்பானரைக் காயலில் விட்டெறிந்துவிடலாமா என்றிருந்தது ஒச்சப்பனுக்கு. இந்த மாதத்தில் இது ஏழாவது தடவை.

"ஒச்சப்பா, சாமி பின்னேயும் வந்நல்லோ!" என்று, சாமி மறுபடி வந்துவிட்டதை மலையாளத்தில் அறிவித்தார் எதிர்ச் சாயாக்கடை ராசப்பன் சேட்டன். அவருக்குக் காலை வியாபாரத்தோடு சேர்த்து இலவச வேடிக்கை.

ஒச்சப்பன் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரன். மட்டாஞ்சேரிக்கு வந்த எட்டு வருஷத்தில் மிளகுக் கிட்டங்கியின் பின்சுவரை ஒட்டிய தகரக் கொட்டகையில் அவன் ஒட்டாத சைக்கிள் டியூப் இல்லை. நடுவில் கோயமுத்தூர் போய் ஒரு வருஷம் ஸ்கூட்டர் வேலை பழகி வந்தான். 'ஸ்கூட்டர் ஒர்க்‌ஷாப்' என்று மலையாளத்தில் போர்டும் எழுதியாயிற்று. எழுதி என்ன? ஊரில் அவன் இன்னமும் பஞ்சர் ஒச்சப்பன்தான். போர்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது.

அதை மாட்ட இப்போது ஒரு வழி பிறந்திருந்தது. வெங்கிட்டு சாமி மிளகுக் கம்பெனியில் ஹெட் கிளார்க். கம்பெனிக்கு மூன்று ஸ்கூட்டர். அவையும் கொஞ்ச நாளாகக் காலையில் மக்கர் பண்ணின. எர்ணாகுளம் மெக்கானிக் கையை விரித்துவிட்டான். மானேஜர் கல்யாணராமன், "உம்ம வண்டியை அந்த ஒச்சப்பன் சரிபண்ணிக் காட்டட்டும். மூணையும் அவன்கிட்டயே விட்டுடலாம்" என்று சொல்லியிருந்தார். திங்கட்கிழமை வரை கெடு. இன்று சனிக்கிழமை.

"முப்பது தடவை உதைச்சேன், கேட்டயா? கால்தான் வீங்கித்து," என்று மூச்சிரைத்தார் சாமி.

ஒச்சப்பன் கிக்கரில் காலை வைத்து ஒரே ஒரு மிதி மிதித்தான். வண்டி குதித்துக் கிளம்பிப் படபடவென்று புகை கக்கியது. சாயாக்கடையில் நாலு பேர் சிரித்தார்கள்.

"பாத்தயா, உன்னைக் கண்டா மட்டும் சமத்தா நடந்துக்கறது!" என்றார் சாமி.

ஒச்சப்பனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நோயாளி வைத்தியரிடம் வந்ததும் எழுந்து ஓடினால் எந்த நோயைத்தான் கண்டுபிடிப்பது? பாயின்டைத் தேய்த்து இடைவெளி வைத்தாயிற்று. கண்டென்சரை மாற்றியாயிற்று. இக்னிஷன் காயிலும் புதுசு. பிளக்கைக் கழற்றி எஞ்சின்மேல் வைத்து உதைத்தால் பொறி நீலமாகச் சொடுக்குகிறது. இதற்கு மேல் அவன் யார் காலில் விழுவது?

எட்டாவது தடவையும் தோற்பதற்கு முன்னால் பிளக்கை இன்னொரு முறை கழற்றினான். பிளக் தலைக்கு மாட்டும் ரப்பர் மூடியை மூக்கருகே கொண்டுபோனபோது சந்தன வாசனை வந்தது. சாமியின் நெற்றியிலிருந்து வருவதாக முதலில் நினைத்தான். பிறகு அவருடைய வேட்டி நுனியைப் பார்த்தான். அங்கே கரிக் கறையும் மஞ்சள் கறையும் அக்கம்பக்கமாக இருந்தன.

"சாமி, திங்கக்கிழமை விடியிறதுக்குள்ள நான் உங்க வீட்டுக்கு வாரேன். நான் வந்து நிக்கிறதைக் கண்டுக்காதீங்க. தினம் என்ன செய்வீங்களோ அதையே செய்யுங்க."

"தாராளமா வா. எனக்கு ஒளிச்சு வைக்க என்ன இருக்கு?"

திங்கட்கிழமை மழை விட்டிருந்தது. சந்துமுனைத் தென்னையடியில் நின்று ஒச்சப்பன் பார்த்தான். சாமி குளித்து, நெற்றியில் திருநீறும் சந்தனமும் இட்டு, ஒரு பித்தளைக் கிண்ணத்தோடு வாசலுக்கு வந்தார். ஸ்கூட்டரை ஈரத்துணியால் துடைத்தார். விளக்குக்கு ஒரு சந்தனப் பொட்டு. ஹேண்டில்பாருக்கு இரண்டு. ஒச்சப்பன் பொறுமையாகத்தான் இருந்தான். அப்புறம் சாமி குந்தி உட்கார்ந்து பக்கவாட்டு மூடியைத் திறந்தார். ரப்பர் மூடியை நாசூக்காக உருவி, பிளக்கின் வெள்ளைப் பீங்கான்மேல் குழைந்த சந்தனத்தை மூன்று விரலால் பட்டையாக இழுத்து, மூடியை மறுபடி மாட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"அட என்ன சாமி பண்றீங்க!" ஒச்சப்பன் போட்ட சத்தத்தில் கிண்ணம் உருண்டது.

"ஏண்டா அலறறே?"

"பிளக்குல எதுக்குச் சந்தனம்? ஈரச் சந்தனத்துல கரண்டெல்லாம் வெளியவே வழிஞ்சு எஞ்சின் பாடியில எறங்கிரும். உள்ள எப்பிடிப் பொறி அடிக்கும்?"

"நீதானேடா சொன்னே? போன மாசம் வண்டி வந்த அன்னிக்கு இந்த மூடியைக் கழட்டிக் காட்டி, 'சாமி, வண்டிக்கு உசிரே இங்கதான்'னு சொன்னயே! பேரைக் குடுத்து நாலு வருஷம் காத்திருந்து வாங்கின வண்டியாக்கும். உசிர் இருக்கற எடத்தை விட்டுட்டு ஹாரனுக்கா பூஜை பண்ணுவேன்?"

 சொன்னவன் ஒச்சப்பன்தான். தொழில் தெரிந்தவன் என்று காட்டிக்கொள்ள அன்றைக்கு அளந்த அளப்பு அது.

"சரி, கடைக்கு வரும்போது அதைக் காணமே?"

"ஸ்வாமி சந்தனத்துல உன் எண்ணெய்க் கை படலாமோ? துடைச்சிட்டுத்தான் கொண்டு வருவேன்."

ஒச்சப்பன் சந்தனத்தோடு பத்து முறை உதைத்துக் காட்டினான். வண்டி செத்த பிணமாகக் கிடந்தது. பிறகு பீங்கானையும் மூடியையும் உலரத் துடைத்துவிட்டு உதைத்தான். இரண்டாம் உதையில் சந்தே அதிர்ந்தது. ஜெயித்துவிட்டோம் என்று அவனுக்கு நெஞ்சு நிறைந்தது. போர்டை எந்த ஆணியில் மாட்டுவது என்றுகூட யோசித்துவிட்டான்.

"இன்னிக்கே மானேஜர் ஐயாகிட்டச் சொல்லிருங்க சாமி. அந்த மூணு வண்டியையும் கொண்டு வரட்டும்."

சாமி கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். பிறகு முகம் முழுக்க மலர்ந்தது.

"ஆபீஸ்ல விளக்கேத்தறதும் நானாக்கும். அந்த மூணு வண்டிக்கும் தினம் காலம்பற நான்தான் இதே மாதிரி வைக்கறேன். மெக்கானிக் வரான்னா முன்னாடியே துடைச்சுடுவேன். அப்போ அதுக்கும் இதான் சீக்கு! இன்னிலேர்ந்து நிறுத்திட்டாப் போறது. மெக்கானிக்கே வேண்டாம். மானேஜர் என்னமா சந்தோஷப்படுவர் பாரு! எல்லாம் உன் புண்ணியம், ஒச்சப்பா."

ஒச்சப்பன் அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டான். அழுகை வருகிறதா, சிரிப்பு வருகிறதா என்று அவனுக்கே தெரியவில்லை. ஒரு மாதமாக ராப்பகலாய் மண்டையை உடைத்துக்கொண்டு, கிடைக்கவிருந்த வேலையைத் தன் கையாலேயே குணப்படுத்தியிருந்தான்.

சாமி உருண்ட கிண்ணத்தை எடுத்துப் பார்த்தார். அடியில் கொஞ்சம் சந்தனம் மிச்சமிருந்தது.

"அப்போ இதை எங்கேதான் வைக்கறது?" என்றார், உண்மையான கவலையோடு.

ஒச்சப்பன் தலையை நிமிர்த்தி அவரிடம் நீட்டினான்.

"என் நெத்தியில வைங்க, சாமி."