ஆறு மாவில் ஒரு பாதி

"நீங்க இல்லாட்டியும் எல்லாம் நல்லபடியா நடக்குது மச்சான். கவலையில்லாம போயிட்டு வாங்க."

"எல்லாமுமா?"

"எல்லாமும்தான். வயலு, வீடு, நம்ம புள்ள ஆஷிகா படிப்பு, மாமியோட சுகர் மாத்திரை வரைக்கும். நீங்க அங்க நேரத்துக்குச் சாப்பிடுங்க, அது போதும்."

இரண்டு வருடங்களுக்கு முன், திருச்சி விமான நிலைய வாசலில் சித்தீக்கிடம் அவன் மனைவி நுஸைபா சொன்னது இது. ஆறுதலாகத்தான் சொன்னாள். ஆனால் நன்னிலத்திலிருந்து கார் கிளம்பியதிலிருந்தே சித்தீக் வேறொன்றை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு வந்திருந்தான். நான் போகவில்லை, உன்னோடு இங்கேயே இருந்துவிடட்டுமா என்று கேட்க வேண்டும். நீ இல்லாவிட்டாலும் எல்லாம் நடக்கிறது என்று சொல்லிவிட்ட வீட்டில் எந்த முகத்தோடு இடம் கேட்பது? பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

சவுதியில், தம்மாம் நகரத்தில் ஒரு பெரிய மளிகைக் கிடங்கு அவன் பொறுப்பில் இருந்தது. அட்டைப் பெட்டிகளை நூல் பிடித்த மாதிரி அடுக்குவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. அறையில் கூட இருந்த குர்பிரீத், பஞ்சாபில் கோதுமை விவசாயி வீட்டுப் பிள்ளை. நெல் அறுத்தபின் மிஞ்சும் அடித்தாளைக் கொளுத்தாமல், தாள் நிற்கும்போதே மெஷின் ஓட்டி அதற்குள் கோதுமை விதைக்கிற வீடியோக்களை எந்நேரமும் பார்த்துக்கொண்டிருப்பான். எந்த மெஷின் நல்லது என்று அவனுக்கும் ஊரிலிருக்கும் அண்ணனுக்கும் போனில் சண்டையே நடக்கும். சித்தீக்குக் கோதுமை மேல் ஒன்றும் பிரியமில்லை, சப்பாத்தியைக் கண்டாலே முகம் சுளிப்பவன். ஆனால் அந்த வீடியோக்களைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு ஊர் உளுந்து ஞாபகத்துக்கு வந்தது.

தஞ்சைப் பக்கத்தில் சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் முன்பே, நிற்கிற கதிருக்குள் உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்திலும் பனியிலும் அது தானாக முளைத்துக்கொள்ளும். பிறகு அறுவடை வண்டி வந்து பாதி முளையை நசுக்கிவிட்டுப் போகும். வருடா வருடம் இந்தப் புலம்பலை அவன் போனில் கேட்டிருக்கிறான். தன் பங்குக்கு அந்த வீட்டில் செய்ய ஒரு வேலை இருக்கிறது என்று முதல் முறையாக அவனுக்குத் தோன்றியது.

அதனால்தான் இந்தத் தையில் மூன்று மாத விடுமுறையில் வந்து இறங்கியதும் நேராக விஷயத்துக்கு வந்தான்.

"நம்ம ஆறு மா நிலம், ரெண்டு ஏக்கர்ல பாதியை எங்கிட்ட விடு. அறுப்பு முடிஞ்ச பிறகு மெஷின் வெச்சு வரிசையா உளுந்து விதைக்கிறேன்."

நுஸைபா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அவனை மேலும் கீழும் பார்த்தாள். "தம்மாம்ல உளுந்து விளையுதா மச்சான்?"

"பஞ்சாப்காரன் சொல்லிக் கொடுத்தான்."

"சரி, மேல்பாதி உங்களுக்கு. வாய்க்கால் பக்கம் எனக்கு, நான் எப்பவும்போல தெளிச்சுக்கறேன். தோத்துட்டா மொத்த உளுந்தையும் நீங்கதான் அடிக்கணும்."

"ஜெயிச்சா?"

"ஜெயிங்க, அப்புறம் பாக்கலாம்."

ஜெயித்தால், அன்று விமான நிலையத்தில் விழுங்கியதைக் கேட்டுவிடுவது என்று சித்தீக் அப்போதே முடிவுசெய்தான். கையில் ஒரு வெற்றியோடு கேட்டால் கௌரவமாக இருக்கும்.

அறுவடை வண்டி வந்த அன்று வரப்பில் நின்றபடி டிரைவருக்கு ஒரே உத்தரவு. "மேல்பாதியில தாளை ஒட்ட வெட்டிடுங்க. நாலு விரலுக்கு மேல நிக்கக் கூடாது. வைக்கோல் ஒரு துரும்பு கிடக்கக் கூடாது."

நுஸைபாவோடு பல வருடமாக வயல் வேலை பார்க்கிற ரெத்தினம், பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன தம்பி, வயலுக்குச் சவரம் பண்றீங்களா? கொஞ்சம் மீசையாவது விடுங்க."

"பஞ்சாப்ல தாளுக்குள்ளயே ஓட்டுறாங்க அக்கா, ஆனா சுத்தமா இருந்தாத்தான் வரிசை நேரா வரும்."

ரெத்தினம் நுஸைபாவைப் பார்த்தாள். நுஸைபா வாயைத் திறக்காமல் வானத்தைப் பார்த்தாள். அடுத்த நிமிடமே வண்டி அவள் பாதிக்குள் இறங்கி, அப்போதுதான் தலைகாட்டிய முளைகளின் மேலேயே வளைந்து திரும்பியது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

வாடகைக்குப் பிடித்த விதைப்பு மெஷின் டிராக்டருக்குப் பின்னால் தொங்கிக்கொண்டு வந்தது. உழாத மண்ணைக் கீறி, கீறிய இடத்தில் விதையை விட்டுக்கொண்டே போகிற மெஷின். சித்தீக் அதன் பின்னாலேயே நடந்து, கோடு கோணாமல் பார்த்துக்கொண்டான். முடிந்ததும் படம் எடுத்துக் குர்பிரீத்துக்கு அனுப்பினான். பதிலுக்குப் பத்துக் கட்டைவிரல்கள் வந்தன. அதன்பிறகு காலையில் முதல் வேலையாக வயலுக்குப் போய்வருவதும், நுஸைபா ஊற்றிவைத்த டீ ஆறிப்போவதும் வழக்கமாயின.

மாசி பிறந்து பாதி மாதம் போனபின், தீர்ப்புச் சொல்ல இரண்டு பேரும் சேர்ந்து வயலுக்குப் போனார்கள்.

மேல்பாதியில் உளுந்து தலைவாரிவிட்ட மாதிரி வரிசை வரிசையாக நின்றது. ஆனால் செடி சின்னதாக, வெளிறிப்போய் இருந்தது. தாள் இல்லாத மொட்டைக் களிமண் வெயிலில் வெடித்து, விரல் நுழைகிற அளவுக்குப் பிளந்திருந்தது. வாய்க்கால் பக்கம் முழங்கால் உயரத் தாளின் நிழலில் உளுந்து கரும்பச்சையாகத் தழைத்திருந்தது. அங்கேயும் வண்டி திரும்பிய இடமெல்லாம் சொட்டை சொட்டையாகக் கிடந்தது.

"யாரு ஜெயிச்சது?" என்றாள் நுஸைபா.

"நீதான். செடியைப் பாத்தாலே தெரியுதே."

"அந்த மூலையைப் பாத்துட்டுச் சொல்லுங்க. கபடி ஆடுன இடம் மாதிரி இருக்கு. உங்க பாதியில ஒரு இடம் விட்டுப்போகலை."

"விட்டுப்போகலை, ஆனா காஞ்சுபோச்சு."

"தாளை வழிச்சு எடுத்தா காயாம என்ன செய்யும்? தாளு நின்னாத்தான் மண்ணுக்கு நிழலு."

சித்தீக் நின்றுவிட்டான். "தெரிஞ்சுகிட்டே அன்னைக்கு வாயை மூடிக்கிட்டு நின்னியா?"

"போட்டின்னு வந்தப்புறம் எதிராளிக்கு யாராச்சும் யோசனை சொல்லுவாங்களா மச்சான்?"

வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்த ரெத்தினம் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள். "ரெண்டு பேரும் தோத்துட்டீங்க. உளுந்தை ரெண்டு பேருமே அடிங்க, நான் உக்காந்து பாக்கறேன்."

சித்தீக்கும் சிரித்தான். சிரிப்பு அடங்கியதும் மனம் கனத்தது. வெற்றியோடு கேட்கலாம் என்று வைத்திருந்தது இனி வாய்க்கப்போவதில்லை. பங்குனி முடிவில் டிக்கெட். போய்ப் பெட்டிகளை அடுக்க வேண்டியதுதான்.

நுஸைபா ஒரு குச்சியை எடுத்து, வரப்பு மண்ணில் கோடு போட ஆரம்பித்திருந்தாள்.

"அடுத்த தையில இப்படிச் செய்வோம். வைக்கோலை மட்டும் கட்டு போடுறவங்களுக்குக் குடுத்துடுவோம். தாளு முழங்கால் உசரம் அப்படியே நிக்கட்டும். அதுக்குள்ள உங்க மெஷினை இறக்குவோம், ஆறு மாவுக்கும். நசுங்குறதும் இல்லை, காயறதும் இல்லை. ஆனா டிராக்டர்காரன் நான் சொன்னா தலையை ஆட்டிட்டு அவன் இஷ்டத்துக்கு ஓட்டுவான். நீங்கதான் பின்னாலேயே நடந்து வரணும். அந்த வரிசை எனக்குச் சத்தியமா வராது, அது உங்க கைக்குத்தான் வரும்."

சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். குச்சி கோட்டின் நடுவிலேயே நின்றது.

"அடுத்த தைக்கு நீங்க இங்க எங்க இருக்கப்போறீங்க," என்றாள் மெதுவாக. "வீடியோ கால்லதான் காட்டணும். பேச்சுவாக்குல மறந்துட்டேன்."

அவள் குரலில் அப்படியொரு வாட்டத்தை அவன் எந்த விமான நிலைய வாசலிலும் கேட்டதில்லை. போட்டி மறந்துபோயிற்று, கௌரவமும் கூடவே போயிற்று. சித்தீக் வெடித்த மண்ணிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தான்.

"நுஸைபா, நான் தம்மாமுக்குத் திரும்பிப் போகாம இங்கேயே உன்கூட இருந்துடட்டுமா?"