உள்பக்க ஒட்டு

தையல்காரிக்குக் கிழிசல் என்றாலே இளக்காரம். எவ்வளவு பெரிய கிழிசலைக் கொண்டுவந்து நீட்டினாலும், "இதென்ன பிரமாதம், சாயங்காலம் வாங்க" என்பாள். அந்தத் தைரியம்தான் புருஷன் விஷயத்தில் வினையாகிவிட்டது.

அவன் வீடு மாற்றுகிறவர்களுக்குப் பீரோ, கட்டில் தூக்குகிறவன். தொப்புளில் எலுமிச்சை அளவுக்கு ஒரு புடைப்பு கிளம்பியது. இருமினால் வெளியே வரும், படுத்தால் உள்ளே போகும். ஹெர்னியா, வயிற்றுச் சுவரில் ஓட்டை விழுந்து குடல் எட்டிப் பார்க்கிறது, ஆபரேஷன் செய்துவிடலாம் என்றார் டாக்டர். அவனும் சரியென்றுதான் தலையாட்டினான். இவள்தான் குறுக்கே விழுந்தாள். ஆபரேஷனுக்கென்று உள்ளே போன இவளுடைய அம்மா உயிரோடு வெளியே வரவில்லை.

"கத்தியெல்லாம் வேண்டாங்க. நான் பாத்துக்கறேன்."

நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாள்! இடுப்புப் பட்டை ஒன்று தைத்து, தொப்புள் படும் இடத்தில் பஞ்சடைத்த திண்டு வைத்தாள். காலையில் அவன் படுத்தபடி புடைப்பை உள்ளே தள்ளுவான், இவள் இறுக்கிக் கட்டுவாள். "ஒட்டியாணம் போட்டாச்சா மாப்ள?" என்று கூட வேலை பார்ப்பவர்கள் கிண்டலடித்தார்கள்.

ஒரு மதியம் பீரோவைப் பாதிப் படியில் இறக்கிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள். இவள் பட்டையை அவிழ்த்தாள். புடைப்பு கல் மாதிரி இருந்தது, மேல்தோல் கன்றிச் சிவந்திருந்தது. தள்ளினால் போகவில்லை. அவன் வாந்தியெடுத்தான். தூக்கி வந்தவர்களே ஆட்டோ பிடித்து ஏற்றினார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா தொட்டதுமே முகம் மாறினார்.

"குடல் ஓட்டையில மாட்டிக்கிச்சும்மா. அதுக்கு ரத்தம் போகுதான்னு உள்ள பாத்தாத்தான் தெரியும். செத்திருந்தா அந்தத் துண்ட வெட்டணும். உடனே பண்ணியாகணும்."

இந்தத் தடவை இவள் குறுக்கே விழவில்லை. அம்மா போன அதே மாதிரிக் கதவுக்குள் அவனும் போனான். பட்டையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

டாக்டரம்மா வெளியே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நல்லா இருக்காரு. குடல் கறுத்துத்தான் கெடந்துச்சு. விடுவிச்சிட்டுக் காத்திருந்தோம், மெதுவா நிறம் திரும்பிடுச்சு. வயித்துப் பக்கவாட்டுல மூணு சின்னத் துளைதான். அது வழியா கேமராவ விட்டு, ஓட்டையத் தச்சு, உள்பக்கமா வலை வச்சு ஒட்டுப் போட்டிருக்கோம், ஓட்டையவிட நல்லா அகலமா. வெளியிலேர்ந்து எத வச்சு அமுக்கினாலும் அது மூடாதும்மா."

இவளுக்குச் சுருக்கென்றது. முட்டிக் கிழிசலுக்கு உள்பக்கம்தான் ஒட்டு வைக்கணும், ஓட்டையைவிட அகலமாக வைக்கணும் என்று எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்! கால்சட்டைக்குத் தெரிந்த நியாயம் கட்டினவன் வயிற்றுக்குத் தோன்றாமல் போயிற்றே. பாவி, பாவி என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அவன் கண் விழித்ததும் தொப்புளைத் தடவினான். "பட்டை எங்க?"

"அத ஏன் கேக்கறீங்க? உங்களக் கொல்லப் பாத்ததே அதுதான். நான்தான்."

"அது மூடாதுன்னு எனக்கு அப்பவே தெரியும். மொத டாக்டரே சொன்னாரே."

"தெரிஞ்சுமா கட்டிக்கிட்டீங்க? ஏங்க?"

"ஆபரேஷன்னு சொன்னதும் உனக்குக் கை நடுங்க ஆரம்பிச்சுது. ஊசியில நூல்கூடக் கோக்க முடியாமத் தவிச்சே. இந்தப் பட்டையத் தைக்க உக்காந்தப்பதான் நடுக்கம் நின்னுச்சு." மூச்சு வாங்கிக்கொண்டான். "அப்புறம் எப்படி வேண்டாங்கறது?"

அவள் தன் கையைப் பார்த்தாள். அது இப்போதும் நடுங்கிக்கொண்டிருந்தது. அவன் அதை எடுத்துத் தன் வயிற்றுக் கட்டின்மேல் வைத்துக்கொண்டான்.