ஒட்டுச்சுவர்ப் பக்கம் சாய்ந்த உளிகள்

காப்பீட்டு முகவரின் பட்டறைச் சுவரில் தொங்கிய உளிகள், அவர் புதிய இழைப்புளி ஒன்றை வாங்கி வந்த அன்று பிற்பகலில், நேராகத் தொங்குவதை விட்டு ஒட்டுச்சுவரை நோக்கிச் சாய்ந்து நின்றன. காற்று இல்லை; ஆணியும் தளரவில்லை. சுவர்தான் கோணிவிட்டது என்று எண்ணிய முகவர் தூக்குக்குண்டைக் கட்டித் தொங்கவிட்டார். குண்டும் உளிகளோடு சேர்ந்து அதே பக்கம் சாய்ந்தது. அவருடைய மனைவி கதவருகில் நின்று பார்த்துவிட்டு, "அத்தானுக்கு இன்னைக்கு லீவு. வீட்டுலதான் இருக்காரு" என்றாள். அத்தான் என்று அவள் சொன்னது சுவருக்கு அப்பால் குடியிருந்த தன் அக்காள் கணவரை. அவர் அச்சகம் ஒன்றில் பிழை திருத்துபவர். அக்காளும் தங்கையும் ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொண்ட இரண்டு வீடுகளில் குடித்தனம் நடத்தினர். ஆதலின் முகவர் அவருக்குச் சகலையும் ஆனார், அண்டை வீட்டாரும் ஆனார். சில வாரங்களில் ஐயம் தீர்ந்தது. பிழை திருத்துபவர் அச்சகத்துக்குப் புறப்பட்டால் கருவிகள் நேரே தொங்கும். மாலையில் திரும்பித் தம் வீட்டுப் படியேறினால் சாயும். அவர் காய்ச்சலில் படுத்திருந்தபோது இலேசாகவே சாய்ந்தன.

இதற்குக் காரணம் பொறாமை என்பதை இரு வீட்டாரும் உடனே ஒப்புக்கொண்டனர். பொறாமை புதிதன்று, அது இரும்பை இழுக்கும் என்பது மட்டுமே புதிது. இருவருக்கும் ஓய்வு நாட்களில் மரவேலை செய்வதில் விருப்பம் உண்டு. ஆயினும் மூத்தவரின் வீட்டிலேயே கதவு இறுகிக்கொண்டால், அவருடைய மனைவி அவரைத் தாண்டிப்போய்ச் சுவரைத் தட்டித் தங்கை கணவரை அழைப்பாள். அவருடைய ஒரே மகள் சிறுமியாய் இருந்தபோது, சக்கரம் கழன்ற மரவண்டியை எடுத்துக்கொண்டு, கையில் சுத்தியலோடு காத்திருந்த அப்பாவைக் கடந்து, "சித்தப்பா!" என்று கூவிக்கொண்டே அடுத்த வீட்டுக்கு ஓடினாள். வண்டி உளுத்துப்போய்ப் பல ஆண்டுகள் ஆயின. அந்த ஓட்டம் அவர் கண்முன் இருந்தது. தம் கையால் ஆன ஒரு பொருள் தம் வீட்டில் நிற்க வேண்டும், அதைத் தம் வீட்டார் முகம் சுளிக்காமல் பயன்படுத்த வேண்டும் என்பதற்கு மேல் அவர் எதையும் வேண்டியவர் அல்லர்.

முகவர் வாயாடி, கருவி வாங்குவதையும் நாலு பேர் பார்க்கும்படியே வாங்குவார். கூட்டம் உள்ள நேரமாகப் பார்த்து இரும்புக்கடைக்குள் நுழைவார். ரம்பத்தை ஒரு கண்ணை மூடி, துப்பாக்கி பிடிப்பவர்போல நீளவாக்கில் பார்ப்பார். டிரில் மெஷினை வெறுமனே ஓட்டிக் காதருகில் வைத்து உள்ளே உருளும் பேரிங் முனகுகிறதா என்று கேட்பார், துளையிடும் பிட்டைச் செருகி ஆட்டிப் பார்ப்பார், பிறகு கடைக்காரர் பயந்துகொண்டே எதிர்பார்க்கும் கேள்வியைக் கேட்பார்: "உள்ள இருக்கற கார்பன் தேஞ்சா, அஞ்சு வருஷம் கழிச்சும் மாத்துக் கார்பன் கிடைக்குமா? கிடைக்கும்னா மட்டும் பில்லு போடுங்க." செங்கோணம் பார்க்கும் மூலைமட்டத்தைப் பலகையில் வைத்து ஒரு கோடு கிழிப்பார், அதையே புரட்டி வைத்து அதே இடத்தில் மறுகோடு கிழிப்பார், இரண்டு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று படுத்தால்தான் பணப்பையைத் திறப்பார். வேலை ஒன்று வந்து, அதற்கு இன்ன கருவி இல்லாமல் முடியாது என்னும்போது அந்த ஒன்றை மட்டும் வாங்குவார். வாங்கியதைப் பழைய துணியில் சுற்றி, நெஞ்சோடு அணைத்து, தெரு வழியே மெல்ல நடந்து வருவார். அவருக்குப் பிள்ளை இல்லை. அதைக் குறித்து அவர் ஒரு சொல்லும் பேசியதில்லை. ஏனைய எல்லாவற்றைக் குறித்தும் பேசினார்.

உளிகள் சாயும் செய்தி கடைவீதியை எட்டியபோது முதலில் மகிழ்ந்தவர் இரும்புக்கடைக்காரர். பிழை திருத்துபவர் தற்செயலாக ஒரு நாள் கடைக்குள் வந்தபோது, அலமாரியில் இருந்த பல்வேறு இடுக்கிகளுள் நல்ல எஃகால் ஆனவை மட்டும் அவர் பக்கம் தலையைத் திருப்பின. முலாம் பூசிய மட்ட ரகம் கிடந்த இடத்திலேயே கிடந்தது. பிறர் வாங்கிப் போகக்கூடிய நல்ல கருவி எதுவாயினும் அவருக்கு வயிற்றெரிச்சலைத் தந்தது என்பதே இதன் உட்பொருள். அன்று முதல் அத்தெருவினர் கருவி வாங்கப் புறப்பட்டால் அவரை அழைத்துக்கொண்டு போயினர். "ஐயா, ஒண்ணும் செய்ய வேணாம், சும்மா வந்து நில்லுங்க. எங்க வீட்டுல வட்ட ரம்பம் வாங்கறோம்" என்பார்கள். "எவ்வளவு பெருசு?" என்று அவர் கேட்பார். "பெருசுதான். நல்லா நெனச்சுக்கிட்டே வாங்க, வழியிலேயே கொஞ்சம் சூடேறட்டும்" என்பார்கள். அவர் கடை நடுவில் நாற்காலி போட்டு அமர்வார், கருவிகள் திரும்பும், திரும்பியதை அவர்கள் வாங்கிக்கொண்டு போவார்கள். சில ஆண்டுகளில் அவ்வட்டாரத்தில் வழுக்கும் திருப்புளியோ வளையும் உளியோ இருந்த வீடு அரிதாயிற்று. அப்படி அரிதாய் இருந்த வீடுகளுள் அவருடையதும் ஒன்று.

அதன் காரணம் எளியது. தம் பக்கம் திரும்பிய இழைப்புளியை அவரும் ஒருமுறை வாங்கிப் பார்த்தார். பணம் கொடுத்த கணத்தில் அது பிறருடையதாகக்கூடும் என்ற அச்சம் தீர்ந்தது. அச்சம் தீரவே இழுப்பும் நின்றது. வீட்டுக்கு வந்த இழைப்புளி மேசைமேல் கட்டைபோல் கிடந்தது. அவர் அதைச் சுற்றி வந்தார், இடமும் வலமும் நின்றார், அது அசையவில்லை. போலிச் சரக்கைத் தலையில் கட்டிவிட்டதாகக் கடைக்காரரிடம் சண்டை பிடித்துத் திருப்பிக் கொடுத்தார். மாற்றாக எதை எடுக்கலாம் என்று கடை முழுதும் நடந்தபோது எல்லாக் கருவியும் சட்டையைப் பிடித்து இழுப்பதுபோல் இருந்தது. ஒரு மூலையில் பளபளக்கும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் சுத்தியல் முதல் ஸ்பேனர் வரை வரிசையாகப் பதித்திருந்த முழுத் தொகுதி ஒன்று மட்டும் அவரைச் சற்றும் தொந்தரவு செய்யவில்லை. அதனருகில் நின்றபோது அவருக்கு அமைதி உண்டாயிற்று. அந்த அமைதியை அவர் தரம் என்று கொண்டார். நெடுநாளாய் விற்காமல் கிடந்த பெட்டி. கடைக்காரர் தூசியைத் துடைத்து, முகத்தைப் பாராமல் கட்டிக் கொடுத்தார்.

வேற்றூரில் வாழ்க்கைப்பட்டிருந்த மகள் தனக்குக் குழந்தை பிறக்கப்போவதாகத் தொலைபேசியில் சொன்னது அந்தக் காலத்தில்தான். பேசி முடிக்கும்போது, "அப்பா, தொட்டில் ஒண்ணு மட்டும் நீங்க..." என்று தொடங்கி, "நீங்களோ சித்தப்பாவோ செஞ்சு வெச்சுடுங்க" என்று முடித்தாள். அந்த "வோ" என்ற எழுத்தைப் பிழை திருத்துபவர் வாழ்நாள் முழுதும் பார்த்த எந்த அச்சுப் பிழையைக் காட்டிலும் பெரிதாகக் கண்டார்.

"அவருகிட்டயே சொல்லிடலாமேங்க" என்றாள் மனைவி. "நீங்க செஞ்ச முக்காலியில நான் இன்னும் உக்காரலை."

"என் பேரப்பிள்ளைக்கு அவன் தொட்டில் செய்யறதா? அப்ப நான் எதுக்கு இருக்கேன்?"

"தாத்தாவா இருங்க. அதுக்கு ரம்பம் வேணாம்."

அவர் பெட்டியைத் திறந்தார். கால் வைத்த மரத்தொட்டில் ஒன்றை வரைந்து, பலகை வாங்கி, ஞாயிறுதோறும் அறுத்தார். அவர் வேலை செய்யும்போது சுவருக்கு அப்பால் கருவிகள் துடித்தன. ஒரு ஞாயிறு நண்பகலில் முகவரின் மூலைமட்டம் சுவர்மீது ஊர்ந்து ஏறி, கூரையிடுக்கு வழியே இந்தப் பக்கம் இறங்கி, மரத்தூளைக் கோடாகக் கிழித்துக்கொண்டு வந்து அவர் கால் கட்டைவிரலருகில் நின்றது. அதை ஒருமுறை தொட்டிலின் மூலையில் வைத்துப் பார்த்திருந்தால் இந்த வரலாறு வேறு வகையாய் முடிந்திருக்கும். அவர் அதைக் குழந்தையின் அழுக்குத் துணியைப்போல் இரு விரலால் தூக்கிக்கொண்டுபோய் அடுத்த வீட்டு வாசலில் நீட்டினார்.

"சகலை, உன் சாமான். பிடி."

"வந்ததுதான் வந்துச்சு, ஒரு தடவ வெச்சுப் பாத்துட்டு அனுப்பியிருக்கலாமே அண்ணே. தண்ணி கூடக் குடுக்காம திருப்பி அனுப்பறீங்க."

"எங்கிட்ட ரெண்டு இருக்கு. பெட்டியோடவே வந்தது. ரெண்டையும் ஒண்ணோட ஒண்ணு ஒட்ட வெச்சுப் பாத்துட்டேன், மயிரிழை வித்தியாசம் இல்லை."

முகவர் சிரித்தார். "ஒரே அச்சுல ஓடின ரெண்டு பிரதிய ஒப்பிட்டுப் பாத்தா பிழை எப்படித் தெரியும்? நீங்க பாக்காததா? புரட்டி வெச்சுக் கோடு போடுங்க."

சொன்னது சரி என்பது பிழை திருத்துபவருக்கு அந்தக் கணமே விளங்கிற்று. சொன்னவர் இன்னார் என்பதால் அவர் வீட்டுக்குத் திரும்பி, புரட்டிப் பார்க்காமலே, பெட்டியோடு வந்த திருகாணிகளில் மீதியையும் முறுக்கி முடித்தார்.

தொட்டில் ஜன்னல் பக்கம் சாய்ந்து நின்றது. ஒட்டுச்சுவரிலிருந்து விலகி, எதையோ எட்டிப் பார்ப்பதுபோல் நின்றது. ஒரு காலுக்கு அட்டை வைத்தால் மறுகால் தரையை விட்டு எழுந்தது. சட்டமே கோணலாகப் பிறந்திருந்தபடியால் கால்களைக் குறை கூறிப் பயனில்லை. மகள் தன் பெண்குழந்தையோடு வந்து இறங்கிய அன்று தொட்டிலைக் கண்டு, "அழகா இருக்குப்பா" என்றாள். பிறகு குழந்தையைப் படுக்கவைத்தாள். குழந்தை மெல்ல வழுக்கி ஜன்னல் பக்கத்துச் சட்டத்தில் போய் ஒட்டிக்கொண்டது. நடுவில் எடுத்து விட்டாள், மீண்டும் வழுக்கியது. மகள் குழந்தையைத் தூக்கித் தன் பாயில் கிடத்தினாள். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அவள் வழக்கம்போல் ஏதேனும் சொல்லியிருந்தால் அவர் தாங்கியிருப்பார்.

அவர் செருப்பும் இல்லாமல் அடுத்த வீட்டுக்குப் போனார். வாசலில் நின்று, "சகலை, நீயே ஒண்ணு செஞ்சு குடு" என்றார். அதைச் சொல்லும்போது பட்டறைக் கருவிகள் யாவும் ஒட்டுச்சுவரை விட்டுத் திரும்பி, வாசலில் நின்ற அவர் பக்கம் ஆணியோடு இழுத்தன என்று முகவரின் மனைவி பின்னாளில் சொன்னாள். முகவர் கேலி செய்யவில்லை. அளவெடுக்க நாடாவும் மூலைமட்டமும் எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார்.

அவர் வந்த நேரத்தில், மாதிரி அளவு தெரியட்டும் என்று, மகள் குழந்தையை மீண்டும் தொட்டிலில் கிடத்தியிருந்தாள். முகவர் ஒட்டுச்சுவரில் முதுகைச் சாய்த்து நின்று பார்த்தார். குழந்தை கொட்டாவி விட்டது. வலக்கையை விரித்தது, மூடியது. வாயாடி மனிதர் வாய் திறக்கவில்லை. அப்போது தொட்டில் முனகியது. முதலில் மேல் சட்டத்துத் திருகாணிகள், அடுத்துக் கால்களில் இருந்தவை, ஒட்டுச்சுவரை நோக்கி, முகவரை நோக்கி இழுபட்டன. மரமும் கூடவே வந்தது. ஜன்னலை எட்டிப் பார்த்த தொட்டில் மெதுவாக நிமிர்ந்து, தூக்குக்குண்டு பிடித்தாற்போல் செங்குத்தாய் நின்றது. குழந்தை உருண்டு நடுவில் வந்து கண்களை மூடிக்கொண்டது.

"அப்பா, நேரா ஆயிடுச்சு!" என்றாள் மகள்.

பிழை திருத்துபவருக்கு மட்டும் விளக்கம் தேவைப்படவில்லை. அந்த இழுப்பு எத்தகையது, எவ்விடத்தில் புறப்படுவது, எவ்வளவு நாள் மறைத்து வைத்தால் இவ்வளவு வலிமை பெறும் என்பதை அவ்வட்டாரத்திலேயே நன்கறிந்தவர் அவர்தாம். அவர் தம் சகலையின் முகத்தைப் பாராமல், ஒரு நாற்காலியை இழுத்து ஒட்டுச்சுவர் ஓரமாய்ப் போட்டார்.

"உக்காரு சகலை. எழுந்துடாத."

"அளவு எடுக்க வேணாமா?"

"வேணாம். சும்மா உக்காந்து பாத்துக்கிட்டு இரு."

முகவர் உட்கார்ந்தார். அவர் மடியில் வைத்த மூலைமட்டம், முன்னெல்லாம் மூத்தவர் அருகில் வந்தால் கையை விட்டுத் துள்ளும் அந்த மூலைமட்டம், அசையாமல் கிடந்தது.

அன்று முதல் பட்டறை உளிகள் நேராகவே தொங்கின. இரும்புக்கடை நடுவில் பிழை திருத்துபவர் அரைநாள் அமர்ந்தும் ஓர் இடுக்கிகூடத் திரும்பவில்லை. மக்கள் மறுபடியும் ரம்பத்தை ஒரு கண்ணால் பார்க்கவும், மூலைமட்டத்தைப் புரட்டிக் கோடு போடவும் கற்க வேண்டியதாயிற்று. குழந்தையைக் காண வந்த கடைக்காரர் தொட்டிலைக் குனிந்து பார்த்து, "அந்தப் பெட்டித் திருகாணி படு மட்டமான சரக்கு ஆச்சே, நல்லதுதானே இழுபடும்?" என்று தம்மை மறந்து கேட்டுவிட்டார். பெட்டியை விற்றவர் தாமே என்பது நினைவுக்கு வர, தேநீர் குடிக்காமல் எழுந்து போனார்.

முகவர் தம் தொழிலைக் குழந்தை தூங்கும் நேரத்துக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார். வெளியூர் போனால் தொட்டில் சாயும், மகளோ அக்காளோ தொலைபேசியில் அழைத்து, "எப்ப வர்றீங்க? புள்ள ஜன்னல்ல போய் ஒட்டிக்கிச்சு" என்பார்கள், அவர் கிடைத்த வண்டியில் ஏறித் திரும்புவார். மகள் ஊருக்குப் போவதும் வருவதுமாய் இருந்தாள். முதற்குழந்தைக்குப் பல் முளைத்தது, அது நடந்தது, பள்ளிக்குப் போயிற்று. இரண்டாவதாய்ப் பிறந்த பேரனும் அதே தொட்டிலில் படுத்தான். அதை அறுத்துச் சரியாகப் பூட்டிவிடலாம் என்று எவரும் சொல்லவில்லை.

பேரனுக்கு ஆறு மாதம் ஆன ஒரு மாலையில், முகவரின் மனைவி அக்காள் வீட்டில் அமர்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பிழை திருத்துபவர் அச்சகத்திலிருந்து கொண்டுவந்த தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார். தொட்டில் முனகி நிமிர்ந்தது. அவர் தாளிலிருந்து தலையை உயர்த்தாமலே, "உன் வீட்டுக்காரன் வந்துட்டான், போய்க் கதவத் திற" என்றார். அவள் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.