ஆற்றில் போன நாற்காலி

டத்தோ ஜூசோ தலையசைக்காத ஆண்டில் கோலா மெரந்தி மாநிலத்தில் ஒரு டுரியான் பழம்கூட மரத்தைவிட்டு விழவில்லை. டுரியானைப் பறிக்கும் வழக்கம் அங்கே கிடையாது. பழுத்தால் முள்ளும் கனமுமாக அதுவாக விழும், விழுந்ததைப் பொறுக்குவார்கள். ஆகவே மலையோரத் தோட்டக்காரர்கள் தலையில் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டும் கையில் சாக்குமாக மரத்தடியில் காத்திருந்தார்கள். ஜூன் போனது, ஜூலையும் போனது; பழங்கள் ஊரெல்லாம் மணம் பரப்பிக்கொண்டு அப்படியே தொங்கின. பொறுமையிழந்த ஒருவர் மரமேறி ஒன்றைத் திருகிக்கொண்டு வந்து பிளந்தார். உள்ளே வெள்ளரிக்காய் இருந்தது.

டத்தோ பட்டம் வாங்கியிருந்தாலும் ஜூசோ வெறும் துணை முதலமைச்சர்தான். மக்கள் ஓட்டுப் போட்டு உட்கார வைத்த முதலமைச்சர் பஹாரின், ஆயுளெல்லாம் பள்ளியில் கணக்குப் போட்டவர். ஆசிரியரை அழைக்கிற மாதிரியே ஊர் இன்னும் அவரைச் 'சிக்கு' என்றுதான் அழைத்தது. பஹாரின் கையெழுத்துப் போட்டால் மை காய்வதற்குள் மங்கிவிடும். ஜூசோ எட்டிப் பார்த்துத் தலையசைத்தால் திரும்பக் கறுக்கும். திறப்பு விழாக்களில் பஹாரினின் கத்தரிக்கோல் நாடாவைச் சும்மா நக்கிக்கொண்டிருக்கும். அரையடி பின்னால் நிற்கும் ஜூசோ தலையசைத்தால்தான் வெட்டும். காலை வேளையில் ஜூசோவின் நிழல் ஆற்றைத் தாண்டி அக்கரைச் சந்தைவரை விழுந்ததால் மீன்காரிகள் குடை வாங்குவதை விட்டுப் பல வருடமாயிற்று.

இதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. அந்த மாநிலத்தில் அதிகாரம் எப்போதும் இரண்டாவது நாற்காலியில்தான் போய்த் தேங்கும். முன்பு ஒருவர் துணையாக இருந்தவரை ஆறே அவர் வீட்டுப் பக்கம் வளைந்து ஓடியது; முதலமைச்சரான மறுநாள் அவர் வீட்டுக் குழாயில்கூடச் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. அடுத்தவர் துணையாக இருந்தபோது அவர் இருமிய பிறகுதான் சேவல்கள் கூவின. முதல் நாற்காலிக்கு மாறியபின் சொந்த மனைவியைக் கூப்பிடவே மணியடிக்க வேண்டியதாயிற்று. ஜூசோ விவரமானவர். முதல்வர் பதவி தேடி வந்த ஒவ்வொரு முறையும் காய்ச்சல் என்று போர்த்திக்கொண்டு படுத்துவிட்டு, கடைசியில் பஹாரினைப் பள்ளிக்கூடத்திலிருந்து இழுத்துவந்து நிறுத்தினார்.

வினை, பழம் விழத் தொடங்குமுன் நடக்கும் டுரியான் திருவிழாவில் வந்தது. ஜூசோ பல் பிடுங்கப் பக்கத்து ஊருக்குப் போயிருந்தார். வெயிலில் விருந்தாளிகள் மயங்கி விழ, கத்தரிக்கோல் வழக்கம்போல நக்க, பஹாரின் குனிந்து நாடாவைப் பல்லாலேயே கடித்து அறுத்துவிட்டார். கூட்டம் ஆர்ப்பரித்தது. அன்று இரவு அவர் இரண்டு தட்டுச் சோறு தின்றார். பதவிக்கு வந்தபின் அவருக்கு ருசித்த முதல் சோறு அது. வீங்கிய கன்னத்தோடு திரும்பிய ஜூசோ அறுந்த நாடாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பல்லு நல்லா இருக்கு சிக்கு உங்களுக்கு, குடுத்து வச்சவரு" என்று மட்டும் சொன்னார். அதோடு தலையசைப்பதை நிறுத்திவிட்டார்.

அரசாங்கம் ராட்சச மின்விசிறிகளைக் கொண்டுவந்து மரங்களுக்கு வீசிப் பார்த்தது. இலை விழுந்தது, கூடு விழுந்தது, ஒரு குரங்கு விழுந்தது. பழம் விழவில்லை.

"பாங், என் தம்பி மரத்தடியிலயே பாய விரிச்சிட்டான்" என்று கணவரிடம் சொன்னாள் பஹாரினின் மனைவி கமாரியா. "ஹெல்மெட்டோட தூங்குறான். இந்தப் பழம் மரத்துலயே அழுகிப்போனா வருசம் பூரா அவங்க என்னத்தத் திங்கிறது?"

"நானா மரத்தப் புடிச்சு வச்சிருக்கேன்?"

"நீங்க எதத்தான் புடிச்சு வச்சீங்க? போயி அவர்கிட்ட மன்னிப்புக் கேளுங்க."

"கடிச்சது கடிச்சதுதான். கேக்க மாட்டேன்."

"அப்ப அந்த நாற்காலிய அவர்கிட்டயே குடுத்துட்டு வாங்க. போயி பள்ளிக்கூடத்துல வாய்ப்பாடு ஒப்பிக்கலாம்!"

கமாரியா கோபத்தில் சொன்னாள். பஹாரின் ஒரு வார்த்தையையும் சும்மா விடாத கணக்கு வாத்தியார், மெய்யாகவே எடுத்துக்கொண்டார். காலையில் நாற்காலியைப் படகில் ஏற்றினார். நாடாவைக் கடித்த நாளிலிருந்து அதன்மேல் அவருக்குக் கொஞ்சம் ஆசை விழுந்திருந்ததால் ஆற்றுவழி நெடுக அதன் கையைத் தடவிக்கொண்டே போனார்.

ஜூசோ தன் வீட்டு ஆற்றோரப் படிக்கட்டின் உச்சியில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். "வாங்க சிக்கு, பசியாறிட்டீங்களா? அது என்ன படகுல?"

"உங்க நாற்காலி டத்தோ. இனிமே நீங்கதான் முதலமைச்சர். எனக்குப் பழம் விழணும், அவ்வளவுதான்."

"காலங்காத்தால விளையாடாதீங்க."

"மெதுவா எறக்குங்கப்பா, கால் ஒடைஞ்சிரப் போவுது" என்றார் பஹாரின், படகுக்காரர்களிடம்.

நாற்காலியின் ஒரு கால் கீழ்ப்படியில் பட்டதுதான் தாமதம், ஜூசோவின் நிழல் அக்கரையிலிருந்து பாய் சுருட்டுவதுபோலச் சுருண்டு வந்து அவர் முட்டிக்குக் கீழே ஒடுங்கியது. சந்தையில் வெயில் சுள்ளென்று இறங்க, மீன்காரிகள் அலறும் சத்தம் கேட்டது. ஜூசோ தன் பூனையைக் கூப்பிட்டார். அது எழுந்து போய்ப் பஹாரினின் மடியில் படுத்துக்கொண்டது.

"தூக்குங்க! ஐயோ, அத மேல தூக்குங்க சிக்கு!" ஜூசோவின் குரல் கொசுவளவுக்கு வந்திருந்தது. "என்ன வேணும்னாலும் செய்யிறேன்!"

"தலைய ஆட்டுங்க. தூக்கிடுறேன்."

படகுக்காரர்கள் நாற்காலியை ஒரு விரலளவு தூக்கியதும் ஜூசோ ஆட்டினார். ஒரு தடவையல்ல, தொப்பி கழன்று ஆற்றில் விழுகிற வரைக்கும், பல் பிடுங்கிய கன்னம் குலுங்கக் குலுங்க ஆட்டினார். மாநிலத்தின் டுரியான் அத்தனையும் ஒரே மூச்சில் விழுந்தது. பக்கத்து மாநிலத்தில் நிலநடுக்கம் என்று வானொலியில் அறிவித்தார்கள். ஹெல்மெட் போட்டிருந்ததால் யாருக்கும் சேதமில்லை. கமாரியாவின் தம்பி மட்டும் பழக்குவியலுக்கடியிலிருந்து, போதும் போதும் என்று கத்திக்கொண்டே வெளியே வந்தான்.

பஹாரின் நாற்காலியைத் திருப்பி எடுத்துவந்து அதிலேயே உட்கார்ந்தார். நிழல் அக்கரைக்குத் திரும்பியது, மீன்காரிகள் மறுபடி குடையை மறந்தார்கள், கத்தரிக்கோல் இன்றைக்கும் நக்கிக்கொண்டுதான் இருக்கிறது. பூனை மட்டும் திரும்பிப் போகவில்லை. ஆண்டுதோறும் ஜூன் பிறந்ததும் பஹாரின் ஒரு காலை நேரம் நாற்காலியைப் படகில் ஏற்றிப் பூனையோடு காற்று வாங்கப் போவார். ஜூசோ வீட்டுப் பக்கம் படகு கொஞ்சம் மெதுவாகப் போகும். மோட்டார்ச் சத்தம் வளைவில் கேட்டதுமே மலையோரத்தில் எல்லாரும் ஹெல்மெட்டை மாட்டிக்கொள்கிறார்கள்.