பாதி மேசை

அந்த வீட்டில் இருந்தது ஒரே ஒரு மேசை. முன்னறையில் பாதியை அடைத்துக்கொண்டு நின்ற அதன்மேல் அம்மா துணி வெட்டுவாள். ஊர்ச் சட்டைகளெல்லாம் அதில்தான் பிறந்தன. ஆடை வடிவமைப்புப் படிக்கும் மகள் கட்டிலில் சம்மணம் போட்டு, மடியில் அட்டையை வைத்து வரைவாள். இது கடைசி வருடம். ஒரு மேலங்கியை அவளே வரைந்து, வெட்டி, தைத்துக் காட்டினால்தான் தேர்ச்சி. மடியில் வரைந்த கைப்பகுதிகள் இரண்டும் ஏற்கெனவே கோணலாகிக் கல்லூரியிலிருந்து திரும்பி வந்திருந்தன.

“ஒரு டேப்லெட் இருந்தா உன் மேசையே எனக்கு வேணாம்மா.”

“அத வாங்கி மூலையில போட்டுட்டா?” என்றாள் அம்மா, உதட்டில் குண்டூசிகளோடு.

பல் மருத்துவமனையில் வேலை பார்க்கும் சித்தி தன்னுடையதைக் கொண்டுவந்து கொடுத்தாள். “கொஞ்ச நாள் வெச்சு வரைஞ்சு பாருடி. தேறும்னா வாங்கு. அது வரைக்கும் நான் சீரியலுக்குப் பதிலா மாமியாரப் பாத்துக்கறேன். கதை ஒண்ணுதான்.”

மகளுக்கு அது பிடித்துப்போயிற்று. எத்தனை முறை அழித்தாலும் கிழியாத காகிதம். பொத்தான் போடும் இடத்தை விரலால் பெரிதாக்கி, ஒரு மைதானத்தில் நடப்பதுபோல் அதற்குள் நடந்தாள். பாடக் குறிப்புகளும் அதிலேயே. ஒரு மாலை, மேலங்கியின் பாதிக் காலரைச் சரியான அளவில் திரையில் நிறுத்திவிட்டுக் குளிக்கப் போனாள்.

அம்மாவுக்குக் கை சும்மா இருக்காது. பிடித்த படம் எதைப் பார்த்தாலும் மெல்லிய காகிதத்தை மேலே விரித்து, நழுவாமல் இரண்டு விரல்களால் அகட்டிப் பிடித்து, பென்சிலால் பிரதி எடுத்துவிடுவாள். திரையையும் அப்படித்தான் பிடித்தாள். காகிதத்துக்கு அடியில் படம் ஓசையில்லாமல் பெருத்தது. மேல்கோடு ஒரு அளவில், கீழ்க்கோடு வேறு அளவில். வீண் துணியில் வெட்டிக் கழுத்தில் வைத்தபோது மகள் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தாள்.

“அம்மா! டிஷ் ஆண்டெனா மாதிரி இருக்கு. மொட்டைமாடியில போய் நில்லு, எல்லா சேனலும் தெளிவா வரும்.”

“நீ வரைஞ்சதுதானே? உன் லட்சணம் இதுதான்.”

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். மகள்தான் முதலில் நிறுத்தினாள். தன் காலரும் ஒரு கழுத்தைப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளில் அவள் அளவுநாடாவைத் தொடவே இல்லை.

மேசையில் கிடந்த துணிகளை ஒதுக்கினாள். அம்மாவின் கழுத்தை அளந்து, நின்றபடியே சாக்கட்டியால் ஒரே வீச்சில் வளைவை இழுத்தாள். தோளிலிருந்து கை முழுதாக நீள இடம் இருந்தது. வெட்டிய காலர் கழுத்தில் அடங்கி உட்கார்ந்தது. அம்மா கண்ணாடியில் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தாள்.

“சித்திகிட்டத் திருப்பிக் கொடுத்துடலாம்மா. குறிப்பு எடுக்கவும் கலர் பாக்கவும் நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த வேலைக்கு ஆகாது.”

“நல்லதாப் போச்சு.”

“சாயங்காலத்துல மேசையில பாதி எனக்கு விடு.”

அம்மா கத்தரியை எடுத்தாள். வைத்தாள். அந்த மேசையில் ஒரு காபித் தம்ளரைக்கூட அவள் யாரையும் வைக்க விட்டதில்லை.

“டேப்லெட்டையே வாங்கிடலாமேடி. அதத்தானே கேட்ட?”

“பாதிம்மா.”

“தவணையில தர்றாங்களாம்.”

மகள் உள்ளே போனாள். கோணலாகிப்போன இரண்டு கைப்பகுதிகளையும் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டு நின்றாள்.

அம்மா அவற்றைப் புரட்டிப் பார்த்தாள். பிறகு மறுநாள் கொடுக்க வேண்டிய சட்டைத் துணிகளை அடுக்கி, தையல் இயந்திரத்தின் மூடிமேல் ஏற்றினாள். மேசை நடுவே சாக்கட்டியால் ஒரு கோடு இழுத்தாள். கோடு அம்மாவின் பக்கத்துக்குக் கொஞ்சம் தாராளமாகவே இடம் விட்டு விழுந்தது.

“இதத் தாண்டி ஒரு ஊசி வந்தாலும் எனக்குத்தான்,” என்றாள்.

மகள் காகிதத்தை விரித்தாள்.