‘ம’ வராத வாரம்

பை கட்டிலுக்கு அடியில் தயாராக இருந்தது. அவளுக்கு நான்கு செட் துணி, மகளுக்கு மூன்று, பீரோவில் கிடந்த கைக்குட்டைகள் அத்தனையும். கைக்குட்டைகளை ஏன் அள்ளினாய் என்று கேட்டால் அவளுக்கே பதில் தெரியாது. கோபத்தில் பை கட்டுகிறவர்கள் யோசித்துக் கட்டுவதில்லை.

விஷயம் இதுதான். அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை. எதிரே எழுத்துப் பலகையை மாட்டி, ‘இப்ப தெரியுதா, இதுல தெரியுதா’ என்று வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, பத்து வருடமாக ஊரில் பாதிப் பேரின் பார்வையைத் திருத்திக் கொடுத்தவள். போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்த நண்பர்களில் ஒருவர் தன் கண்ணெரிச்சலைப் பற்றி அவளிடம் கேட்கப்போக, கணவன் குறுக்கே விழுந்து, “அவ என்ன டாக்டரா? கண்ணாடி துடைக்கிறவ,” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள். அவர்கள் படியிறங்கியதும் சிரிப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, ‘மன்னிச்சிடு’ என்று வாயைத் திறந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லும்வரை உங்களோடு பேச்சில்லை, சனிக்கிழமைக்குள் சொல்லாவிட்டால் மகளைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று அறிவித்தாள்.

அறிவிப்பது என்பது உண்மையில் அவன் தொழில். பேருந்து நிலையத்தில் மைக் முன்னால் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எது இன்னும் வந்து சேரவில்லை என்று நாள் முழுக்கச் சொல்கிறவன். ‘ஏற்பட்ட தாமதத்துக்கு வருந்துகிறோம்’ என்று முன்பின் தெரியாதவர்களிடம் தினமும் நாற்பது தடவை வருந்துவான். ஒன்பது வருட மணவாழ்க்கையில் வீட்டில் ஒருமுறைகூட வருந்தியதில்லை.

திங்கட்கிழமை அவனுக்குத் தொண்டை கரகரத்தது. செவ்வாய்க்கிழமை காய்ச்சல் கொதித்தது. டாக்டர் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்து, ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதுதான், ஐந்து நாள் தனி அறையில் இருக்கட்டும், வீட்டில் எல்லோரும் முகக்கவசம் போடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

இதைக் கேட்டு வீட்டில் ஒரே ஒருவர்தான் உற்சாகமானார். அவளுடைய மாமனார் ஓய்வுபெற்ற போக்குவரத்துக் காவலர். ஏழு வருடமாகக் கைகாட்டி நிறுத்த ஒரு வண்டியில்லாமல் தவித்துக்கொண்டிருந்தவர், அன்று சாயங்காலமே கூடத்தில் சாக்பீஸால் கோடு கிழித்துவிட்டார். சமையலறைக்குப் போகிறவர்கள் இடது பக்கம், வருகிறவர்கள் வலது பக்கம். குளியலறைச் சந்திப்பில் அவருடைய நாற்காலி. பழைய விசிலைத் தேடி எடுத்தார். முகக்கவசம் போட்டால் விசில் ஊத முடியாது என்பது தெரியவந்ததும், கவசத்தின் நடுவில் கத்தரிக்கோலால் வட்டமாக ஓட்டை போட்டுக்கொண்டார். டாக்டர் பார்த்திருந்தால் அழுதிருப்பார்.

அவள் பேசாமலே எல்லாம் செய்தாள். கஞ்சி, வெந்நீர், மாத்திரை, ஆவி பிடிக்கச் சட்டி, எல்லாம் வாசற்படியில் வைக்கப்பட்டன. கதவில் இரண்டு தட்டு தட்டுவாள். அது சாப்பாடு வந்திருக்கிறது என்றும் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை என்றும் ஒரே நேரத்தில் சொல்லும் தட்டு.

வியாழக்கிழமை வெந்நீர் வைத்துவிட்டுத் திரும்பும்போது கதவு திறந்தது. கம்பளிக்குள் சுருண்டு, கவசத்துக்கு மேலே இரண்டு சிவந்த கண்களோடு நின்றான். “இங்க பாரு,” என்றான். அவள் பார்க்கவில்லை. ஆனால் போகவும் இல்லை. முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். சொல்லப் போகிறான், கடைசியில் சொல்லத்தான் போகிறான் என்று தோன்றியது.

அவன் மூச்சை இழுத்தான். “பன்னி...” என்றான். அதற்குமேல் வந்தது ஜன்னல் அதிரும்படி ஒரு தும்மல். அதைத் தொடர்ந்து இருமல். அவள் காதைப் பொத்திக்கொண்டு கோட்டைத் தாண்டி வலது பக்கமாகச் சமையலறைக்குள் ஓட, எதிர்த்திசையில் போனதற்காக விசில் அடித்தது.

“என்னம்மா சொன்னான்?” என்றார் மாமனார்.

“பன்னின்னு சொன்னார், மாமா.”

மாமனார் விசிலை வாயிலிருந்து எடுத்தார். “சேச்சே. நானே உங்க அத்தையை ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லம்மா,” என்றார். பிறகு மனசாட்சி உறுத்தியதோ என்னவோ, “கழுதைன்னு சொல்லியிருக்கேன்,” என்றார்.

அவள் அன்று மத்தியானமே கடை முதலாளிக்குப் போன் செய்தாள். அக்கா இருக்கும் ஊரிலும் அவருக்கு ஒரு கிளை உண்டு. அங்கே இடம் காலியா என்று கேட்டாள். காலிதான், யோசித்துக்கொள்ளுங்கள், சனிக்கிழமை பத்து மணிக்குக் கூப்பிடுகிறேன், வேண்டும் வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுங்கள் என்றார். இனிப் போனால் நாலு நாள் கோபத்துக்குப் போவதில்லை, போனால் போனதுதான்.

வெள்ளிக்கிழமை மகளுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. பையிலிருந்து முதல் கைக்குட்டை வெளியே வந்தது. ராத்திரிக்குள் இன்னும் ஆறு.

சனிக்கிழமை காலை ஒன்பதரை மணி. அவள் அடுப்பில் வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தாள். முன்னறையிலிருந்து மகள், “அப்பா... அப்பா...” என்று ஈனஸ்வரத்தில் கூப்பிட்டாள். விடிய விடிய நெற்றியில் துணி போட்டது யார், கூப்பிடுவது யாரை? இந்தப் பெண்ணும் கட்சி மாறிவிட்டாளா? அடுப்பை அணைத்துவிட்டு முன்னறைக்கு வந்தபோது, அவளுக்கு முன்பே கதவைத் திறந்துகொண்டு கணவன் ஓடிவந்திருந்தான். விசில் அடித்தது. அவன் கோட்டை மதிக்கவில்லை.

“என்னடா கண்ணு? அப்பா வந்துட்டேன்.”

மகள் எரிச்சலோடு தலையாட்டினாள். “நீ இல்ல. அப்பா.”

“நான்தானே அப்பா.”

“நீ அப்பா. எனக்கு அப்பா வேணாப். அப்பா வேணுப்.”

“காய்ச்சல் வேகத்துல உளறுது,” என்றார் மாமனார் சந்திப்பிலிருந்து.

மகள் போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டி, வாசலில் நின்ற தாயைக் காட்டினாள். “அந்த அப்பா.”

அவள் மகளருகே வந்து குனிந்தாள். “என்னையா கூப்பிட்டே?”

“ஆபா,” என்றாள் மகள், அழுதுகொண்டே.

மெல்லின எழுத்துகள் மூக்கில் பிறக்கும் என்று பள்ளிக்கூடத்தில் உருப்போட்டது நினைவுக்கு வந்தது. கூடவே போன வருடம் கடைக்கு வந்த ஒரு பெரியவரும் நினைவுக்கு வந்தார். பலகையில் ‘ம’ இருந்த இடமெல்லாம் ‘ப’ என்று வாசித்தார். அவளும் வில்லையைக் கூட்டிக் கூட்டிப் போட்டாள். நான்கே நாளில் திரும்பி வந்து, ஜலதோஷம் போனதோடு பார்வையும் போய்விட்டது என்று சண்டை போட்டார்.

அவள் மகளை மடியில் சாய்த்துக்கொண்டு, கைப்பையிலிருந்த சின்ன எழுத்து அட்டையை எடுத்தாள். மற்ற எழுத்துகளை விரலால் மறைத்து ஒன்றை மட்டும் காட்டினாள்.

“அந்தக் கோட்டிலேயே நில்லுங்க. இது என்ன எழுத்து?”

ஆறு நாளில் அவள் அவனிடம் பேசிய முதல் பேச்சு இது. அவன் திகைத்துப்போய் அட்டையைப் பார்த்தான். “ப.”

விரலுக்குக் கீழே இருந்தது ‘ம’. அடுத்த எழுத்துக்கு நகர்ந்தாள். அதற்கும் “ப” என்றான். அது நிஜமாகவே ‘ப’தான்.

“வியாழக்கிழமை சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்க.”

அவன் நெளிந்தான். “அப்பா இருக்காரு.”

“எந்த அப்பா?”

மாமனார் கௌரவமாகச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

“பன்னிச்சிடு,” என்றான் அவன், தரையைப் பார்த்து. “அன்னிக்கு நான் பேசினது தப்பு. எல்லாருப் உன்கிட்டதான் வந்து நிக்கிறாங்க. என் குரலை ஊரே கேக்குது, ஆனா யாருப் என்கிட்ட வந்து எதுவுப் கேக்கறதில்ல. அதான். பொறாபை.”

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. அடக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் இருமலாக மாறி, இருமல் தும்மலாக மாறியது. தொண்டையில் முள் இறங்கியது, மூக்கு அடைத்துக்கொண்டது. போன் அடித்தது. பத்து மணி.

முதலாளி நேராக விஷயத்துக்கு வந்தார். அக்கா ஊர் வேலை வேண்டுமா, வேண்டாமா?

“வேண்டாப்,” என்றாள் அவள்.

பத்து வருடமாக சார் போட்டுப் பேசியவள் இன்று ‘வேண்டாப்பா’ என்கிறாளே என்று மனுஷர் யோசித்திருக்க வேண்டும். “சரிம்மா,” என்று மெதுவாகச் சொல்லி வைத்துவிட்டார்.

சந்திப்பில் மாமனார் விசிலை ஊதிப் பார்த்தார். புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. “பருபகளே,” என்றார் பரிதாபமாக. “எனக்குப் ஒரு கர்சீப்பு.”

அவள் கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்து, கூடத்தின் நடுவில், கோடுகளின் மேலேயே கவிழ்த்தாள். நான்கு மூக்குக்கும் பங்கு போட்டதில் கைக்குட்டை ஒன்றுகூட மிஞ்சவில்லை. துணிகளை மடித்து பீரோவில் வைக்கலாம் என்று எழுந்தவள், நாளைக்கு வைக்கலாம் என்று உட்கார்ந்துவிட்டாள்.

“பூக்கு திறந்ததுப் இன்னொரு தடவை சொல்லணுப்,” என்றாள். “சுத்தபா. ‘ப’ போட்டு.”

கணவன் தன் மைக் குரலை எடுத்துக்கொண்டான். “ஏற்பட்ட தாபதத்துக்கு வருந்துகிறோப்.”

கையில் இருந்த கைக்குட்டையைச் சுருட்டி அவன் மேல் எறிந்தாள்.